லிண்ட்சேயின் அளவில் ஒரு ஜோடி

கட்டிய மனைவி விட்டுப் போனால் ஊர் நம்மைத் தாங்கு தாங்கென்று தாங்கும். பக்கத்து வீட்டிலிருந்து ஆட்டுக்கறி வேகவைத்து மூடியோடு வரும். தபால்காரர்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார். பனிச்சறுக்கில் கூடவே வருகிற ஸ்கீ துணைவன் விட்டுப் போனால் ஒரு தட்டு பிஸ்கட்கூட வராது.

லிண்ட்சே போன கோடையில் முழங்காலை மாற்றிக்கொண்டான், வீட்டை விற்றான், ஆஸ்திரேலியாவில் கோல்டு கோஸ்ட்டுக்குக் குடிபோனான். அங்கே புல்தரையில் பந்து உருட்டுகிறான். அரைக்கால் சட்டை போட்ட படங்களை அனுப்புகிறான். அந்தப் புது முழங்காலை நான் பார்க்க வேண்டுமாம். பார்த்தேன். அழகான முழங்கால்தான். என்னோடு மலைக்கு வராத முழங்கால் எவ்வளவு அழகாக இருந்து எனக்கென்ன?

நாங்கள் இருவரும் கிறைஸ்ட்சர்ச்சில் வெளிவரும் ஒரு சிறு பத்திரிகைக்குக் குளிர்காலம்தோறும் புது ஸ்கீக்களைச் சோதித்து எழுதிவந்தோம். அவன் உயரம், கனம், அவசரம். நான் குட்டை, மெலிவு, பயந்தாங்கொள்ளி. நாங்கள் இருவருமே ஒரு ஸ்கீயை நல்லது என்று சொன்னால் அது எவருக்கும் பொருந்தும் என்பது வாசகர்களின் நம்பிக்கை. எங்கள் பக்கம் குளிர்காலமான ஜூலையில் புது ஜோடி வந்து இறங்கியதும் பத்திரிகை ஆசிரியை அடெலைக் கூப்பிட்டு நானே சொல்லிவிட்டேன்.

"இந்தத் தடவை துணைக்கு ஒருத்தர் கிடைச்சா எழுதறேன். கிடைக்கலேன்னா அந்தப் பக்கத்தை இதோட மூடிடலாம், அடெல்."

"யாரையாவது கூப்பிடேன் மெர்வின். உனக்கு ஒரு மனுஷனக்கூடவா தெரியாது?"

தெரியும். எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு துணை இருக்கிறது. அதுதான் சிக்கல். தலை நரைத்த பிறகு புது மனைவிகூடக் கிடைத்துவிடலாம். பனிச்சரிவில் நம் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிற ஆள் கிடைப்பது கஷ்டம்.

வந்த ஜோடி அகலமான ரகம். மலையில் எங்கே போனாலும் தாங்கும், ஆனால் அதன் மனசெல்லாம் யாரும் மிதிக்காத ஆழப் பனியில்தான் இருக்கும். அதை முன்பக்கச் சரிவில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வது, லாரியை வாங்கி வாசலிலேயே முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பது போல. எங்கள் ஸ்கீ கிளப் மலையின் முதுகுப்புறத்தில் ஒரு பெரிய குழிந்த சரிவு இருக்கிறது. கிண்ணம் என்போம். தெற்கு பார்த்தது, எங்கள் பக்கம் வெயில் வடக்கிலிருந்து வருவதால் அங்கே படாது, பனி மாவாகவே கிடக்கும். ஆனால் தனி ஆளாக அங்கே விட மாட்டார்கள். முகட்டில் ஒரு கேட் உண்டு. இரண்டு பேராகப் போனால்தான் திறக்கும்.

துணை கிடைக்காமலே மலைக்குப் போனேன். அங்கே யாராவது கிடைப்பார்கள் என்று ஒரு நப்பாசை. கிளப் விடுதியில் சமையல், பாத்திரம், பனி அள்ளுவது எல்லாம் நாங்களே முறை வைத்துச் செய்வது வழக்கம். போன அன்று எனக்குப் பாத்திரம் துடைக்கும் முறை. பக்கத்தில் நின்று கழுவிக்கொண்டிருந்த பெரிய உருவப் பெண்மணி என் கையைப் பார்த்தார்.

"அது கண்ணாடி டம்ளர் துடைக்கிற துணி."

என் கையில் வாணலி இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுத்த பாத்திரத்துக்குப் போனார். வந்ததிலிருந்து ஒரு மனிதப் பிறவி என்னிடம் பேசியது அது ஒன்றுதான் என்பதால், மறுநாள் காலைவரை அந்த வாக்கியத்தையே மனசில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நல்ல வெயில். கயிற்றிழுவையின் அடிவாரத்தில் போய் நின்றேன். எங்கள் மலையில் நாற்காலி லிஃப்ட் எல்லாம் கிடையாது. ஓடுகிற கயிற்றைக் கையால் பிடித்து, இடுப்புப் பட்டையில் தொங்கும் பாக்குவெட்டி மாதிரியான இரும்பை அதன்மேல் கவ்வவிட்டு, இழுபட்டுக்கொண்டே மேலே போக வேண்டும். விரல் போகாமல் பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு.

புது ஸ்கீயைக் கீழே போட்டேன். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து நிறுத்தும் பைண்டிங்கின் முன்வாயில் பூட்ஸின் நுனியைச் செருகிக் குதிகாலை அழுத்தினேன். 'டக்' என்று கவ்வ வேண்டும். கவ்வவில்லை. மறுபடி அழுத்தினேன். குதிகாலுக்கும் பின்பிடிக்கும் நடுவே ஒரு விரல் படுக்கிற இடைவெளி இருந்தது.

ரோந்துக்காரன் மத்தியூ இழுவையின் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தான்.

"என்ன ப்ரோ, காலு சுருங்கிடுச்சா?"

"பைண்டிங் கொஞ்சம் பெரிசா வச்சுட்டேன்."

"கொஞ்சமா? அதுல நீயும் உன் தம்பியும் ஒண்ணா நிக்கலாம். யார் காலுக்குடா இத வச்ச?"

அப்போதுதான் உறைத்தது. முந்தின நாள் பிற்பகல் விடுதிப் பட்டறையில் ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்து, சீட்டியடித்துக்கொண்டு, வழக்கம்போல லிண்ட்சேயின் பூட்ஸ் நீளத்துக்கு வைத்திருக்கிறேன். முதல் ஓட்டம் எப்போதும் அவனுடையது. கனமான ஆள் முதலில் போனால் ஸ்கீயின் குணம் தெரியும் என்பது எங்கள் முறை. கை தானாகவே செய்திருக்கிறது. என் பூட்ஸை எடுத்து வைத்து அளந்துகூடப் பார்க்கவில்லை.

"பழக்கதோஷம்" என்றேன்.

மத்தியூவுக்குப் புரிந்துவிட்டது. கேலியை விழுங்கிக்கொண்டு எண்ணெய்க் குப்பிக்குத் திரும்பினான். அவன் கேலி செய்திருந்தால் தேவலை.

ஸ்குரூ டிரைவர் சட்டைப் பையிலேயே இருந்தது. சில திருகு திருகினால் ஸ்கீ என்னுடையது. குனிந்து திருகாணியில் வைத்தேன். வைத்தபடியே இருந்தேன். புது முழங்காலின் படத்தைப் பார்த்தபோதுகூட வராத ஒரு கனம் அந்தத் திருகாணிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஏறப் போறீங்களா, இல்ல இங்கயே குடித்தனமா?"

பின்னால் வரிசையில் அதே டம்ளர் துணிப் பெண்மணி. நான் நிமிரவில்லை. குனிந்திருந்த கண்ணுக்கு நேரே அவருடைய பூட்ஸ். பெரிய பூட்ஸ். குதிகால் ஓரத்தில் நீளத்தின் எண் அச்சாகியிருந்தது. எனக்கு மனப்பாடமான எண்.

"மன்னிக்கணும். உங்க காலை ஒரு நிமிஷம் இதுல வைக்க முடியுமா?"

"என்னது?"

"இல்ல, பூட்ஸை. பூட்ஸோடதான்."

"இப்படித்தான் முன்ன பின்ன தெரியாத பொம்பளைங்ககிட்ட கேப்பீங்களா?"

மத்தியூ மோட்டாருக்குப் பின்னால் மறைந்துகொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது தெரிந்தது. நான் தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன்: பத்திரிகை, சோதனை, கிண்ணம், துணை. லிண்ட்சேயைப் பற்றிச் சொன்னேனா என்று நினைவில்லை, முழங்காலைப் பற்றி நிச்சயம் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு தன் ஸ்கீக்களைக் கழற்றி வேலியில் சாய்த்துவிட்டுப் புது ஜோடியில் காலை வைத்தார்.

டக். இன்னொரு டக்.

"கிண்ணத்துக்குப் போலாம்னு சொன்னதாலதான் வரேன். வந்ததுலேருந்து அந்தக் கேட்டு வரைக்கும் போய்ப் போய்த் திரும்பறேன். இவன் தனியா விட மாட்டேங்கறான்." மோட்டாரை நோக்கி முறைத்தார். "ஒரே ஒரு ஓட்டம். வழியில பேச்சு வேண்டாம்."

பெயர் எல்ஸ்பெத் என்றும், இன்வர்கார்கிலில் பல் மருத்துவமனை நர்ஸ் என்றும் மட்டும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நான் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய ஜோடியை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் கயிற்றைப் பிடித்தேன்.

முகட்டுக் கேட்டில் மத்தியூவின் சகா ஒருத்தி எங்கள் பீக்கன்களைச் சோதித்தாள். பனி மூடினால் ஆளைக் கண்டுபிடிப்பதற்காக மார்போடு கட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி. எல்ஸ்பெத்தின் பெட்டி என்னுடையதைக் கேட்டுக் கத்தியது, என்னுடையது அவருடையதைக் கேட்டுக் கத்தியது. தனியாக வாங்கி வைத்துக்கொண்டால் கத்தவே கத்தாத சாமான் அது. எனக்கு அந்தச் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப்போயிற்று. "போதும், தேடறத நிறுத்துங்க" என்று எல்ஸ்பெத் சொல்லும்வரை தேடும் பொத்தானிலேயே வைத்திருந்தேன்.

கிண்ணத்தில் ஒருவர் இறங்கும்போது மற்றவர் நின்று பார்க்க வேண்டும். அவர் முதலில் இறங்கினார். பெரிய உடம்பு, பதற்றமே இல்லாத திருப்பங்கள். பனி இடுப்புவரை எழும்பி அவருக்குப் பின்னால் மெதுவாக உட்கார்ந்தது. பாதியில் உள்ள பாறை மேடையில் நின்று கோலை உயர்த்தினார். நான் பழைய ஸ்கீயில் போய்ச் சேர்ந்தேன்.

"எப்படி இருக்கு?"

"பேச்சு வேண்டாம்னேனே."

"இது பேச்சில்ல. வேலை."

யோசித்தார். "பிடிவாதம் பிடிக்கிற குழந்தை மாதிரி. கெஞ்சினா வாயத் திறக்காது. பயந்து பின்வாங்கினா கடிச்சிரும். மேல சாஞ்சு, 'திற'ன்னு ஒரே சொல்லா சொன்னா, திறந்துடும். அதுக்கப்புறம் அது மாதிரி நல்ல பிள்ளை கிடையாது."

இத்தனை காலத்தில் நானும் லிண்ட்சேயும் ஒரு ஸ்கீயைப் பற்றி இவ்வளவு சரியாக ஒருதரம்கூட எழுதியதில்லை.

இப்போது மாற்ற வேண்டும். பனியில் மண்டியிட்டேன். பழைய ஜோடியை எல்ஸ்பெத்தின் அளவுக்கு நீட்டினேன், அது சுலபமாக முடிந்தது. புது ஜோடியின் திருகாணியில் ஸ்குரூ டிரைவரை வைத்தேன். அவர் என் தலைக்கு மேலே நின்று எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்லியிருந்தால் நான் எழுந்திருக்கவே மாட்டேன். திருகினேன். பின்பிடி என் குதிகாலை நோக்கி நகர்ந்து வந்தது.

"நான் பாத்துட்டிருக்கேன். போங்க" என்றார்.

போனேன். புது ஸ்கீயில் நான் செய்கிற முதல் காரியம் பயத்தில் பின்னால் சாய்வது. லிண்ட்சே மேலேயிருந்து, "டேய் மெர்வ், முன்னால சாய்டா! உன் பாட்டி சோபால உக்காந்த மாதிரி உக்காராத!" என்று கத்துவான். கத்தியதும் சாய்வேன். இதைத்தான் என் திறமை என்று வருஷக்கணக்கில் பத்திரிகையில் எழுதிவந்திருக்கிறேன்.

இப்போதும் பின்னால் சாய்ந்தேன். காத்திருந்தேன். யாரும் கத்தவில்லை. எல்ஸ்பெத் பேச்சு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஸ்கீ என்னைத் தூக்கிக்கொண்டு நேராக ஒரு கரும்பாறையை நோக்கி ஓடியது. பனியைக் கிழிக்கிற சத்தம் தவிர அந்தப் பெரிய குழியில் ஒரு சத்தமும் இல்லை. லிண்ட்சே இல்லை என்பது, அவன் போன இத்தனை மாதத்தில், அந்த இடத்தில்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. பாறை வேறு பெரிதாகிக்கொண்டிருந்தது.

சாய்ந்தேன். யாரும் சொல்லாமல், நானாக, மார்பைக் கொண்டுபோய்ச் சரிவின்மேல் போடுவது போல. ஸ்கீ ஒரு கணம் முரண்டு பிடித்துவிட்டு மொத்தமாகத் திரும்பியது. பாறை பக்கவாட்டில் போயிற்று. அடுத்த திருப்பம், அதற்கடுத்தது. கீழே போய் நின்று, என் தடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

எல்ஸ்பெத் வந்து நின்றார். "நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் முகம் இப்படி?"

"காத்து. கண்ணுல பட்டுச்சு."

"அதுக்குத்தான் நெத்தியில ஒரு கண்ணாடி மாட்டியிருக்கீங்க."

கிண்ணத்திலிருந்து வெளியே வர மலையின் இடுப்பைச் சுற்றி நடக்க வேண்டும். ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னுமாக நடந்தோம். விடுதியின் கூரை தெரிந்ததும் கேட்டுவிட்டேன். "நாளைக்கும் வானம் இப்படித்தான் இருக்குமாம்."

நின்று திரும்பினார். குரலில் கோபம் இல்லை. "பாருங்க, நான் வருஷம் முழுக்க வாயத் திறந்து வச்சிருக்கிறவங்க நடுவுல நிக்கிறேன். இங்க வர்றதே மூடின வாயப் பாக்கத்தான். உங்க மேல கோபம் ஒண்ணும் இல்ல."

"புரியுது."

"எழுதறப்போ என் பேர் போடாதீங்க."

"பின்ன யார் சொன்னதா எழுதறது?"

ஸ்கீயைத் தோள் மாற்றிக்கொண்டார். "இன்னொருத்தர்னு போடுங்க. ஒருத்தர், இன்னொருத்தர். போதாதா?"

பிற்பகலில் சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து எழுதினேன். இன்னொருவர் சொன்னதை முதலில் வைத்தேன், ஒரு சொல் மாற்றவில்லை. பிறகு என்னுடையது: மெலிந்த, பயந்த ஆட்களுக்கும் இந்த ஜோடி ஒத்துவரும், யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்காதவரை. எல்ஸ்பெத் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த மேஜையில் ஒரு தடித்த நாவல் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் புரட்டுகிற சத்தம் அவ்வப்போது கேட்டது.

பூட்ஸ் அறையில்தான் போனுக்குச் சிக்னல் வரும். அங்கே போய் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அடெல் கூப்பிட்டாள்.

"அற்புதமா இருக்கு. யாருய்யா இந்த இன்னொருத்தர்?"

"தெரியல. இப்போதைக்கு முதுகுதான் தெரியுது."

"சரி, பக்கத்த மூடல இல்ல? அடுத்த ஜோடி கிடங்குல நிக்குது. அனுப்பட்டுமா?"

கதவுக் கண்ணாடி வழியாகக் கூடம் தெரிந்தது. எல்ஸ்பெத் எழுந்து தேநீர்க் கோப்பையைக் கழுவி, சரியான துணியைத் தேடி எடுத்துத் துடைத்து, மறுபடி தன் நாவலிடம் போய் உட்கார்ந்தார்.

"அனுப்பு" என்றேன்.

துணைக்கு யார் என்று அடெல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது.