பெக்கோக் மாவிலையில் வந்தவள்

கோத்தா திங்கியில் புது வீடு புகுந்த மூன்றாவது வாரம், வாசல் தோரணத்தின் காய்ந்த மாவிலைகளுக்கு நடுவே செம்பழுப்பாக ஏதோ தொங்கியது. இரண்டு உள்ளங்கைகளை விரித்து வைத்த அகலம். இறக்கை நுனிகள் பாம்புத் தலைபோல் வளைந்திருந்தன. அட்லஸ் அந்துப்பூச்சி. சுருண்ட இலை என்று நினைத்துக் கட்டியது அதன் கூடாக இருந்திருக்கிறது. பெக்கோக்கில் மைத்துனன் மனோகரன் வீட்டு மாமரத்தில் தோரணத்துக்காக அந்தக் கிளையை வெட்டியவன் நான்தான்.

என் மனைவி புஷ்பவள்ளி கிண்ணத்தில் சீனித் தண்ணீர் கொண்டுவந்தாள். புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இதற்குச் சாப்பிட வாய் கிடையாது என்றேன். புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே ஒரு வாரம் வாழும்.

“வாயே இல்லையா? உங்களுக்கு ஏத்த ஜோடிலா.”

தடித்த உடல், மெல்லிய உணர்கொம்பு. பெண். அது ஆணைத் தேடிப் போகாது. கூட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசனையை விடும். ஆண் காற்றில் அதை மோந்துகொண்டு வரும். எவ்வளவு தூரத்திலிருந்து? எங்களைச் சுற்றிச் செம்பனைத் தோட்டம்தான், காடு இல்லை. இரண்டு இரவுகள் யாரும் வரவில்லை. வராவிட்டால் முட்டைகள் பொரிக்காது. அதை இங்கே கொண்டுவந்தது என் கத்தி.

மூன்றாம் நாள் காலை, கூட்டோடு அதை எடுத்துப் பின்சீட்டில் வைத்து, சாப்பாடு மூடும் வலைக்கூடையைக் கவிழ்த்தேன். பெக்கோக்வரை வானொலியைப் போடவில்லை.

“அலமாக்! பூச்சிக்கு மாப்பிள்ளை பாக்கவா மச்சான் இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றான் மனோகரன். ஆனாலும் ஏணியை அவன்தான் பிடித்தான். நான் வெட்டிய கிளையின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் கூட்டைக் கட்டினேன். கொல்லைக்கு அப்பால் காடு.

அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். இன்னொன்று வந்திருந்தது. அவளைவிடச் சிறியது, உணர்கொம்பு இரண்டும் பெரணி இலை மாதிரி. ஒரு இறக்கை கிழிந்திருந்தது. வாலோடு வால் சேர்ந்து இரண்டும் அசையாமல் தொங்கின. எந்த மரத்திலிருந்து கிளம்பியிருப்பான்? வழியில் எதில் மோதினான்?

புஷ்பவள்ளி போன் செய்தாள்.

“வந்தானா?”

“வந்துட்டான்.”

“அவனுக்காவது வாய் இருக்கா?”

“இல்ல.”

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவள் பக்கம் காகம் கத்துவது கேட்டது. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நான் மரத்தடியில் உட்கார்ந்தேன்.