பிரசாதம் கணக்கில் வராது

என் வீட்டுக்காரர் சாத்தப்பனுக்கு மலச்சிக்கல் என்பது கெலாங் பாத்தா ஊர் முழுக்கத் தெரியும். அவரேதான் சொல்லித் திரிகிறார். கடைசியில் டாக்டர் பிரேமளா மூச்சுச் சோதனைக்கு வரச் சொன்னார். குடலில் இருக்கும் பாக்டீரியா நாம் தின்றதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன் விடுமாம். ஆர்க்கியா என்று இன்னொரு நுண்ணுயிர்க் கூட்டம் உட்கார்ந்த இடத்தில் அதைத் தின்று மீத்தேன் விடுமாம். மீத்தேன் மிஞ்சினால் குடல் நகராதாம். பையில் ஊதினால் எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் வெறும் வயிற்றோடு வர வேண்டும்.

காலையில் ஊதினார். டாக்டர் கருவியைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"அங்கிள், ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்லலா!"

"ஆரம்பத்துலயே வாயு எகிறி நிக்குதே?"

"வர்ற வழியில கோயில்ல பஞ்சாமிர்தம் குடுத்தாங்க. பிரசாதம் சாப்பாட்டுல சேராதே?"

"எவ்வளவு?"

"ஒரு டப்பா."

"அலமாக்! வாழைப்பழம், பேரீச்சம்பழம், சர்க்கரை. பாக்டீரியாவுக்குக் கல்யாண விருந்தே வெச்சிருக்கீங்க. இன்னிக்கு டெஸ்ட் எடுக்க முடியாது."

"முருகன் குடுத்ததை எப்படி வேணாம்னு சொல்றது?" என்று என்னைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டாக்டர், ஒருத்தர் பாடுபட்டு ஆக்குறதை உக்காந்து தின்னுட்டு, எதையும் நகரவிடாம பண்ணுமே, அதுக்கு என்ன பேரு?"

"ஆர்க்கியா, ஆன்ட்டி."

"மருந்து இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டா எழுதுங்க. ஒண்ணு இவர் வயித்துல இருக்கிறதுக்கு. இன்னொண்ணு என் வீட்டுல இருக்கிறதுக்கு."