கொக்கின் நாக்கு

அப்துல் சத்தாரின் மரவாடியில் அந்த யந்திரத்துக்குக் கொக்கு என்று பெயர். யுத்தத்தில் உழைத்து ஓய்ந்த பட்டாள லாரியை ஏலத்தில் எடுத்து, அதன் முதுகில் தண்டவாளத் துண்டுகளால் நீளக் கழுத்து வைத்து, கழுத்தடியில் வயர் சுற்றும் இரும்பு உருளையைப் பொருத்தி, மெக்கானிக் ஹயாத் பாஷா பெற்றெடுத்த பிள்ளை அது. பார்க்கச் சகிக்காது. ஆனால் எட்டு ஆள் தம் கட்டித் தூக்கும் தேக்கை ஒற்றைச் சங்கிலியில் தூக்கி அடுக்கின் உச்சியில் வைத்துவிடும்.

ஓட்டுகிறவன் தணிகாசலம். கீழே நின்று சங்கிலி மாட்டுகிறவன் கலியன், இவனைவிடப் பத்து வயது மூத்தவன். உருளை பின்னால் சுழலாதபடி பல்சக்கரத்தில் விழுந்து நிற்கும் ஓர் இரும்புத் துண்டு உண்டு. அதை நாக்கு என்பார்கள். தூக்கிய மரம் நிற்பது அந்த நாக்கால்தான்.

அன்று காலை நாக்கு விரிசல் விட்டிருந்ததைத் தணிகாசலம் பார்த்தான். கருட சேவை நாள். வெல்டிங் பட்டறை பூட்டிக் கிடந்தது, மரவாடியிலும் எல்லோருக்கும் லீவு. இவர்கள் இருவருக்கும் வழியை அடைத்துக் கிடந்த இரண்டே மரம்தான் பாக்கி. அடுக்கிவிட்டால் சாமி பார்க்கப் போய்விடலாம். இரண்டு மரத்துக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நாக்கைக் கட்டுக் கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினான். அவசரக்காரனுக்கு வேறு யோசனை எங்கே வரும்?

“கொக்கு நல்லா இருக்குதாபா?” என்று கலியன் கேட்டான். தினமும் கேட்பான். பதில் வந்த பிறகுதான் மரத்தடியில் கால் வைப்பான்.

“அதுக்கின்னாண்ணா, ராஜா மாதிரி இருக்குது.”

முதல் மரம் ஒழுங்காக ஏறியது. இரண்டாவது பாதி உயரம் போனபோது கம்பி பட்டென்று அறுந்தது. நாக்கு தெறித்து விழ, உருளை கடகடவென்று பின்னால் சுழன்றது. இறங்கிய மரம் அடுக்கில் மோதி, மேலிருந்த ஒரு கட்டையை உருட்டிவிட்டது. அது கலியனை மல்லாக்கத் தள்ளி அவன் கால்மேல் ஏறி நின்றது. தணிகாசலம் உருளையின் பிரேக் தண்டின்மேல் முழு உடம்போடு விழுந்தான். இன்ஜின் திணறி நின்றுபோனது. தேக்கு மரம் கலியனின் மார்புக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது.

இன்ஜினை மறுபடி கிளப்ப வேண்டுமானால் இறங்கி முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். தண்டை விட்டால் கலியன் இல்லை. தணிகாசலம் தொண்டை கிழியக் கத்தினான். ஊரே பெருமாள் பின்னால் போயிருந்தது. தூரத்து மேளச் சத்தம்தான் கேட்டது.

“கத்தாதபா, தம்மு போயிடும்,” என்றான் கீழேயிருந்து கலியன். “கால் மரத்துப் போச்சு, வலி தெரியல. நீ புட்ச்சிக்கினு இருக்கற, அது போதும். யாருனா வருவாங்க.”

அந்த ஆறுதல் தணிகாசலத்தைக் கொன்றது. வியர்வையில் கை வழுக்கியது. தண்டு விரல்கடை விரல்கடையாக மேலே எழும்ப, மரமும் விரல்கடை விரல்கடையாக இறங்கியது. கடவுளே, என் கையை வெட்டிக்கொள், ஆனால் இப்போது வேண்டாம் என்று அழுதான்.

அடுப்புக்கு மரத்தூள் அள்ள வந்த பெரியநாயகி, பின்வாசலில் இதைப் பார்த்துச் சாக்குப்பையைக் கீழே போட்டாள். பக்கத்துத் தெரு நெசவுக்காரர் வீட்டுப் பெண்.

“எக்கா, ஓடிப்போய் ஆளுங்களக் கூட்டிக்கினு வா!”

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். “நான் போய்ட்டு வர்ற வரைக்கும் நீ தாங்க மாட்டபா.”

லாரியில் கிடந்த தாம்புக்கயிற்றை இழுத்துக்கொண்டு ஏறினாள். “இது எந்தப் பக்கம் சுத்தும்?” என்று உருளையைக் காட்டிக் கேட்டாள். சொன்னான். ஒரு நுனியை லாரிச் சட்டத்தில் முடிந்து, உருளையில் வயர் இல்லாத பாதியில் இறுக்கி இறுக்கி ஆறு சுற்றுச் சுற்றினாள். தறியில் பாவு நூல் மொத்தத்தையும் இப்படிக் கயிற்றைச் சுற்றித்தான் இழுத்து நிறுத்துகிறோம், சுற்று ஏற ஏறக் கயிறு கவ்விக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே மறுநுனியையும் கட்டினாள். அப்போது பல்சக்கரத்தருகே குனிந்தவள், அறுந்த கம்பி சுற்றிய நாக்கை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இன்னாபா இது, இத்தப் போய் கம்பியால கட்டி வெச்சிருக்குது?”

தணிகாசலம் தண்டின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

“காத்தாலயே ஒடஞ்சிருந்துதா?” அவள் சத்தமாகத்தான் கேட்டாள்.

“ஆமாக்கா.”

கீழே அதுவரை ஏதேனும் சொல்லிக்கொண்டேயிருந்த கலியனின் குரல் நின்றுபோனது.

“கட்டிட்டேன். வுடு,” என்றாள் பெரியநாயகி.

அவனால் முடியவில்லை. கயிறு நழுவினால்? “கலியண்ணா, வுடட்டுமா?” என்றான். “அண்ணா, ஒரு வார்த்தை சொல்லுண்ணா. வுடட்டுமா?” மேளம்தான் கேட்டது. வேண்டாம் என்றாவது சொல்லமாட்டானா என்று ஏங்கினான். கை அதற்குமேல் காத்திருக்கவில்லை, விட்டுவிட்டது.

உருளை நாலு விரல் சுழன்றது. கயிறு முனகியது. சுழற்சி நின்றது.

இறங்கி ஓடினான். இரண்டு பேரும் கடப்பாரையால் நெம்பிக் கட்டையைத் தள்ளி, கலியனை அக்குளில் பிடித்து வெளியே இழுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. மரம் அவன் சட்டைப் பொத்தான்மேல் உரசி நின்றிருக்கிறது. பொத்தான் ஒன்று பிய்ந்திருந்தது.

தணிகாசலம் அவன் காலடியில் உட்கார்ந்து மண்ணில் முகம் வைத்து அழுதான். கலியன் பொத்தான் பிய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தான்.

“வுடட்டுமான்னு அத்தினி தபா கேட்டியேபா,” என்றான். “காத்தால கம்பி சுத்தறப்ப ஒரு தபா கேட்டிருக்கலாமே.”

பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு பெரியநாயகியிடம் தண்ணீர் கேட்டான்.