நாலாயிரத்துக்கு மேலே

என் அண்ணன் வாழ்க்கையில் செய்த ஒரே ஊதாரித்தனம் அந்தக் கார். மருந்துக்கடைக்காரன், சட்டையில் பட்டன் போனால் என்னிடம் கொண்டுவந்து தைத்து வாங்கி அதே சட்டையை இன்னும் சில வருஷம் இழுக்கிறவன், நானூறு குதிரைசக்தி உள்ள காருக்கு முன்பதிவு செய்துவிட்டு வந்து, "சும்மா விசாரிக்கலாம்னுதான் போனேன், புக் பண்ணிட்டேன்" என்று அசடு வழிய நின்றான். அண்ணி அன்றைக்கும் மறுநாளும் அவனோடு பேசவில்லை. அதற்கு அடுத்த நாள், "என்ன கலர்?" என்று கேட்டாள். சிவப்பு.

கார் வருவதற்கு ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. அதற்குள் அவன் கண்ணில் கோளாறு வந்துவிட்டது. கடையில் பக்கத்தில் நிற்பவர்கள்மேல் இடித்துக்கொண்டான், கதவு நிலையில் தோளை மோதிக்கொண்டான். கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு உள்ளதைச் சொன்னார். நேரே பார்ப்பது பளிச்சென்று தெரியும். பக்கப் பார்வைதான் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. மருந்து அதன் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. இப்போதைக்குக் கார் ஓட்டலாம். அடுத்த பரிசோதனையில் இன்னும் சுருங்கியிருந்தால் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கார் வந்து வாசலில் நின்றது.

இந்த மாதிரிக் காரை வாங்கின கையோடு விரட்டக் கூடாதாம். எனக்கு யார் சொன்னார்கள்? காரோடு வந்த கையேட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு அண்ணன் எங்களுக்குப் பாடமே எடுத்தான். முதல் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் இன்ஜினைப் பழக்க வேண்டும். இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஊசி எட்டாயிரம் வரை போகும், அதுவரை நாலாயிரத்தைத் தாண்டக் கூடாது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கக் கூடாது.

"உள்ள பிஸ்டன்ல வளையம் இருக்கு. அதுவும் சிலிண்டர் சுவரும் புதுசு. ஒண்ணோட ஒண்ணு உரசி உரசித்தான் பொருந்தும். அதுக்குள்ள அவசரப்பட்டா ஆயுசுக்கும் எண்ணெய் குடிக்கும்" என்றான்.

"புதுசா கல்யாணம் ஆனவங்களுக்குச் சொல்ற மாதிரியே இருக்கு" என்றாள் அண்ணி.

அவனுக்குக் கடைத்தெருவில் 'டோஸ்' என்றுதான் பெயர். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களை அவன் திட்டும் திட்டு நாலு கடை தள்ளிக் கேட்கும். "அஞ்சு நாள் கோர்ஸ்னா அஞ்சு நாளும் சாப்பிடணும். பாதியில நிறுத்துறதுக்கு நீ என்ன டாக்டரா?" என்பான். அப்பேர்ப்பட்டவன் கையில் ஒரு கையேடு கிடைத்தால் விடுவானா?

உடனே எங்கள் கடையில் வீடு தேடி மருந்து கொடுக்கும் சேவை தொடங்கிற்று. இருமல் மருந்தைச் சிவப்புக் காரில் கொண்டுபோய்க் கொடுத்தான். வாங்கியவர்கள் மருந்தை மறந்துவிட்டுக் காரையே பார்த்தார்கள். பக்கத்தில் குறுக்கே வருவதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று அண்ணி கறாராகச் சொல்லிவிட்டதால் அவளோ நானோ கூடவே போவோம். அவள் வரும் நாட்களில் எனக்குப் பின்சீட். அது பெயருக்குத்தான் சீட். உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு முட்டுக்கொடுக்கும். எதிரே தெரிவது முன்சீட்டின் முதுகு மட்டும்தான். இரட்டைத் தையல், ஒரு இடத்தில்கூட நூல் பிசகவில்லை. சோபா உறை தைத்துப் பிழைக்கிறவள் நான், பொறாமையாக இருந்தது.

ஊசி நாலாயிரத்தைத் தொடும்போதெல்லாம் அண்ணன் தனக்குத்தானே "போதும்" என்று சொல்லிக் காலைத் தளர்த்துவான். மறுபடி ஏற்றுவான். மறுபடி "போதும்". அந்த நேரங்களில் அவன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பந்தியில் இலைக்கு முன்னால் உட்காரவைத்து, சாப்பிடாதே என்று சொன்ன பிள்ளையின் முகம்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒரே ஒரு தடவை மிதிச்சுப் பாரேன் அண்ணா. அது வானத்துக்கா பறந்துடும்?"

"கோர்ஸ் முடியட்டும், வாலு."

வாலு நான்தான். பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறான்.

"கோர்ஸ் முடியறதுக்குள்ள..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அதற்குள் கண் போய்விட்டால் என்ன செய்வாய் என்பதுதான் மிச்சம். வீட்டில் மூன்று பேருக்கும் அதே நினைப்புதான். சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். கழுத்தில் விசில். குளத்தின் கரையில் நடந்துகொண்டே, "இன்னும்! இன்னும்! கால அடி! இன்னும்!" என்று அவள் போடும் கூச்சலுக்குத் தண்ணீரே ஒதுங்கி வழிவிடும். ஆனால் கார் ஓட்ட உட்கார்ந்தால் நத்தை. சைக்கிளில் போகிறவர்கள் அவளுடைய சின்னக் காரை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவள்தான், அண்ணன் மருந்து வியாபாரிகள் கூட்டம் ஒன்றுக்கு ரயிலில் வெளியூர் போன அன்று காலையில் என் கதவைத் தட்டினாள்.

"கிளம்பு வாலு. இன்னைக்குப் பூரா ஓட்டித் தள்ளிடலாம். அவர் வர்றப்போ கிலோமீட்டர் முடிஞ்சிருக்கணும். டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னால ஒரு நாளாவது ஆசை தீர ஓட்டட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பயணத்துக்குத் தண்ணீர், பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் அண்ணி ஒரு பொத்தானை அழுத்தினாள். வேகத்தை ஒரே அளவில் பிடித்துவைத்துக்கொள்ளும் பொத்தான் அது. அதன்பிறகு காலை எடுத்துவிட்டு, கார் தானாகப் போவதைப் பார்த்துக்கொண்டு பெருமையாக உட்கார்ந்திருந்தாள். போனோம், போய்க்கொண்டே இருந்தோம், திரும்பி வந்தோம். இரண்டு பேருக்கும் இடுப்பு விட்டுப்போனது. காரைத் துடைத்து நிறுத்திவிட்டு, பெரிய சாதனை செய்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அண்ணன் ஊரிலிருந்து வந்தான். காரில் ஏறி உட்கார்ந்தவன் கிலோமீட்டரைப் பார்த்துத் திகைத்தான்.

"இவ்வளவு தூரமா? யார் ஓட்டினது?"

"நான்தான்." அண்ணி முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "ஒண்ணும் பயப்படாதீங்க. பூ மாதிரி ஓட்டினேன். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே வேகம். ஊசி இப்படி அப்படி அசையலையே!"

அண்ணன் முகம் சுண்டிப்போனது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

"அசையணும்மா. அதுதான் பழக்குறது. ஏத்தணும், இறக்கணும், மேட்டுல போகணும், திரும்ப இறங்கணும். ஒரே வேகத்துல மட்டும் போகக் கூடாதுன்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கு."

அவன் பாடம் எடுத்த அன்று கையேட்டில் அந்தப் பக்கம் வருவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து போய்விட்டோம். உலகத்திலேயே மென்மையாக ஓட்டுகிறவள், எதை மென்மை என்று நினைத்தாளோ அதையே நாள் முழுக்கச் செய்திருக்கிறாள்.

"அப்போ அந்தத் தூரம்?" என்றேன்.

"கணக்குல வராது. அதைக் கழிச்சுட்டு மறுபடி ஓட்டணும்."

அண்ணிக்கு வந்ததே கோபம்! "மறுபடியா? உங்களுக்கு அடுத்த வாரம் டெஸ்ட்டுங்க! இந்தக் கண்ணுக்காகத்தானே நான் நாள் பூரா ஓட்டினேன்? நாளைக்கு ஓட்டக் கூடாதுன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க? இப்பவே போய் மிதிங்க! இன்ஜின் கெட்டா கெட்டுப்போகட்டும்!"

வீட்டில் முதல்முறையாக ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அண்ணன் இறங்கி வந்து அவள் தோளைப் பிடித்தான். "எனக்கு ஆசை இல்லைன்னு நினைச்சியா? ராத்திரி கனவுல எல்லாம் மிதிக்கிறேன். ஆனா எத்தனை பேரை நான் திட்டியிருக்கேன்? என் கண்ணு சரியில்ல, சரி. இன்ஜின் என்ன பாவம் பண்ணுச்சு?"

இப்படி ஒரு மனுஷனை என்ன சொல்லித் திருத்துவது? எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, அவன் காலில் விழலாம் போலவும் இருந்தது.

மிச்சம் இருந்த நாட்களில் கடையைக்கூடச் சீக்கிரம் சாத்திவிட்டு ஓட்டினான். தூரம் முடியவில்லை. பரிசோதனை நாள் வந்தது. ஒரு பெட்டிக்குள் தலையை வைத்து, ஓரத்தில் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். நாங்கள் பின்னால் நின்று டாக்டரின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புள்ளிகள் வந்து வந்து போயின. அவன் விரல் சும்மாவே இருந்தது. தெரிகிறது என்று பொய்யாகவாவது ஒரு தடவை அழுத்தித் தொலைக்கக் கூடாதா என்று மனசுக்குள் கத்தினேன். டோஸ் அழுத்துவானா?

வீட்டுக்கு வந்ததும் சாவியை ஆணியில் மாட்டினான். காருக்கு உறை போட்டு நான்கு மூலையும் இழுத்துக் கட்டினான். அப்புறம் கடைக்குப் போய்விட்டான். நடந்தே போனான். அதற்குப் பிறகு காரைப் பற்றிப் பேச்சே இல்லை. சாப்பிட்டான், மருந்து விற்றான், பேப்பர் படித்தான். வீட்டில் ஆள் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணி ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

"என்னங்க, ஒரு சந்தேகம். கோர்ஸ் பாதியில நிக்குது. நிறுத்திடலாமா?"

அவன் பேப்பரை இறக்கினான்.

"இல்ல, நான் என்ன டாக்டரா? அதான் கேட்டுக்கிறேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தான். பிறகு எழுந்து போய்க் காரின் உறைக் கயிற்றை அவிழ்த்தான்.

அன்றிலிருந்து அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான், அவள் ஓட்டினாள். தலையைத் திருப்பினால் ஊசி அவனுக்கு நேரே தெரியும், அதில் குறையில்லை. மலைப்பாதையில் ஏற்றினாள், இறக்கினாள். "கொஞ்சம் குடு... இன்னும் கொஞ்சம்... போதும்." அவன் "போதும்" சொன்ன அந்த நொடியே அவள் கால் தளரும். போகப் போக அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே தளர்ந்தது. ஆயுசு முழுக்க நத்தையாக இருந்தவளுக்கு நாலாயிரமே பெரிய வீரம். இறங்கியதும் சாவியை அவன் கையில் திணித்துவிடுவாள். மறுநாள் மறுபடி வந்து உட்காருவாள்.

ஒருவழியாகத் தூரம் முடிந்தது. மெக்கானிக் பழைய எண்ணெயை இறக்கி, வெளிச்சத்தில் காட்டி, புது எண்ணெய் ஊற்றினார். அண்ணி குற்றவாளி மாதிரி, தான் ஒருநாள் ஒரே வேகத்தில் ஓட்டியதைச் சொன்னாள். "ஒரு நாள்தானேம்மா, ஒண்ணும் ஆகலை. நல்லாப் பழக்கியிருக்கீங்க. இனிமே தாராளமா மிதிக்கலாம்" என்றார். அண்ணி மெக்கானிக்கைக் கும்பிடாத குறை.

ஊருக்கு வெளியே விமானம் இறங்காமல் போன ஓடுதளம் ஒன்றைக் கார் கிளப்காரர்கள் வைத்திருந்தார்கள். நேர்கோடாக, ஆள் அரவம் இல்லாமல் கிடக்கும். பணம் கட்டினால் நம் காரை நாமே ஓட்டலாம். ஹெல்மெட் கட்டாயம். பின்சீட்டில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம், தலையைச் சாய்த்து, முன்சீட்டுகளின் நடுவே ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி கிளப்பினாள். ஊசி மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு, நாலாயிரம். காலைத் தளர்த்திவிட்டாள். கார் தலையை ஆட்டிக்கொண்டு தணிந்தது.

திரும்பி வந்து மறுபடி கிளப்பினாள். மறுபடி நாலாயிரத்தில் தளர்ந்தது.

"முடியலைங்க" என்றாள். அழுகிற குரல். "கால் தானா வந்துடுது. உங்களுக்காகத்தான் வந்தேன். என்னால முடியலை."

அண்ணன் சிரித்தான். பரிசோதனைக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"போதும்னு நான் சொன்னேனா?"

"இல்ல."

"நான் சொல்ற வரைக்கும் எடுக்காத."

மூன்றாவது தடவை நாலாயிரம் வந்தது. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. ஊசி தாண்டிவிட்டது. ஐயாயிரம். இத்தனை நாளும் மூடிய கதவுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்த சத்தம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, ஹெல்மெட் கூரையில் இடித்தது. அண்ணி வீறிட்டாள். முதலில் அது பயம்தான். பிறகு குளத்தங்கரைக் குரல் வந்தது. "இன்னும்! இன்னும்! இன்னும்!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு மிதித்தாள். ஆறாயிரம். ஏழாயிரம். நானும் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியவில்லை.

அண்ணன் எப்படி ரசிக்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். அவன் ஊசியைப் பார்க்கவில்லை. தலை, தோள் எல்லாம் முழுசாக அண்ணி பக்கம் திரும்பியிருந்தான். பக்கத்தில் இருப்பவளைப் பார்க்க வேண்டுமானால் இப்போது அவன் முழுசாகத் திரும்பித்தான் ஆக வேண்டும். கன்னமெல்லாம் கண்ணீர். துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, என்னை ஏன் பார்க்குறீங்க? ரோட்டைப் பாருங்க!" என்று அண்ணி கத்தினாள்.

"அதை நீ பாரு" என்றான் அண்ணன்.