ஏலக்காரனின் நாக்கு

தங்கைக்கு வேலையே எச்சிலோடுதான். செல்களை அரிக்கும் ஆக்சிஜன் நச்சை அடக்கிவைக்கும் நொதிகள், வாய்ப்புற்று வந்தவர்களின் எச்சிலில் எவ்வளவு மிச்சமிருக்கின்றன என்று ஆய்வகத்தில் அளப்பாள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் எச்சிலும் வேண்டும். ஆள் குறைந்ததால், மீன் சந்தையில் ஏலம் விடும் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"என் வாய்க்காகத்தான் பாதிப் பேர் சந்தைக்கே வர்றான். இப்ப எச்சிலுக்கும் கிராக்கியா?" என்று சிரித்தபடி குழாயில் துப்பினான்.

"புகையிலை போடறது இல்லையே?"

"அதையெல்லாம் எப்பவோ தலைமுழுகியாச்சு."

மாலையில் கருவி காட்டிய அளவு மிகவும் தாழ்ந்திருந்தது. மறுபடி பார்த்தாள். அதேதான். நொதி குறைய எத்தனையோ காரணம் உண்டு, அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. அவளுக்குத் தெரியும். கையுறையைக் கழற்றிப் போட்டாள். மேசையைத் துடைத்தாள். பிறகு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"வாயைத் திற."

"என்னடி, டாக்டராயிட்டியா?"

"திறண்ணா."

செல்போன் வெளிச்சத்தில், நாக்கின் ஓரம் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு திட்டு. கன்னத்து இடுக்கில் புகையிலைத் துணுக்கு. அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும் அண்ணி," என்றாள், வாசலில் நின்ற அண்ணன் மனைவியிடம். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

சதை எடுத்துப் பார்த்ததில் புற்று உறுதியானது. நாக்கில் ஒரு பகுதியை வெட்டினார்கள்.

"சீக்கிரமே வந்துட்டீங்க. உயிருக்குப் பயமில்ல," என்றார் மருத்துவர்.

அண்ணி சுவரில் சாய்ந்து அழுதாள். தங்கைக்கு அழுகை வரவில்லை. வாங்கிவந்த காப்பி கையிலேயே ஆறிப்போனது. மறுநாள் ஆய்வகத்தில், நோயில்லாதவர்களின் கணக்கிலிருந்து அண்ணனின் எச்சிலை நீக்கினாள். மதியம் வழக்கம்போலச் சாப்பிட்டாள்.

புண் ஆறியதும் அண்ணன் சந்தைக்குக் கிளம்பினான். அவளும் கூடப் போனாள். கூடை முன் நின்று அவன் விலை கூவினான். சொற்கள் குழைந்து விழுந்தன. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன சொல்றேன்னே புரியலப்பா," என்றார் ஒரு வியாபாரி.

மறுபடி கூவினான். நெற்றி வியர்த்திருந்தது. அப்புறம் விரல்களை உயர்த்திக் காட்டினான். யாரோ ஒருவர் பதிலுக்கு விரல் காட்டினார். இன்னொருவர் அதற்கு மேல் போனார். ஏலம் மெல்ல நகர்ந்தது.

கூடை விலைபோனதும் அவள் பக்கம் திரும்பி, "எப்பி?" என்றான்.

"நல்லாத்தான் போகுது."

அப்போதும் அவளுக்குக் கண் கலங்கவில்லை. குனிந்து அடுத்த கூடையை இழுத்து அவன் முன்னால் வைத்தாள்.