அங்கவஸ்திரத்தில் ஒரு நீர்ப்பூச்சி

1

1973-இல் ஒரு மாலை, மயிலாப்பூரில் எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி ஜெயலக்ஷ்மி, எங்கள் பெண் ஜானு, அவளைப் பெண் பார்க்க அடையாறிலிருந்து வந்த பையன் சுந்தரராமன், அவனுடைய அப்பா, அம்மா. வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்லித் திரிபவர்கள் நிறையப் பேர். அவர்கள் வாயை அடைக்கவே இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: ‘அந்தி வெயில் கோபுரத்தில் பொன் பூசி…’ வேண்டாம். நான் கோபுரத்தைப் பார்க்கவில்லை. பையனின் அப்பாவுடைய அங்கவஸ்திரத்தைப் பார்த்தேன். அதில் சாம்பல் நிறமாக, பல கால்களோடு ஒரு பூச்சி.

இரண்டாவது: ‘எங்கள் குடும்பத்தின் கௌரவம்…’ (மனைவி படித்துவிட்டுச் சிரித்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

பூச்சி நிஜமல்ல. குளிர்ந்த ஓடைகளில் கல்லுக்கடியில் ஊரும் ஒரு நீர்ப்பூச்சியின் போலி. ட்ரவுட் மீனை ஏமாற்றுவதற்கானது. விலங்கியல் படித்த ஜானு, முயல் முடியைத் தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டி, ஊட்டியில் மீன்பிடிக்கும் கனவான்களுக்கு அனுப்பிவந்தாள். ஒன்று நாற்காலியில் தங்கி, அதில் உட்கார்ந்தவர் அங்கவஸ்திரத்தில் மாட்டிக்கொண்டுவிட்டது.

எங்கள் வீட்டில் வெங்காயம்கூட நுழையாது. இப்போது இரண்டில் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும்: இது பூச்சி ஊரும் வீடா, மீனுக்குத் தூண்டில் கட்டும் வீடா? குடும்ப மானத்தைக் காக்க நான் அழுக்கைத் தேர்ந்தெடுத்தேன்.

“ஒண்ணுமில்லே ஸ்வாமி, சாக்கடைப் பூச்சி” என்று சுண்டினேன். போகவில்லை. மறுபடி சுண்டினேன். (இங்கே கதாநாயகனுக்குக் கம்பீரம் போதவில்லை. பிறகு சேர்க்கவும்.)

“அப்பா, துணி கிழிஞ்சுடும்!” ஜானு வந்தாள். “மாமா, அசையாதேங்கோ. முள்ளு மாட்டிண்டிருக்கு.” கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். “சாக்கடையாவது ஒண்ணாவது. இது நான் கட்டினது. மீனுக்கு.”

“பெருமாளே! நீ மீன் திம்பியோடி?” என்றாள் பையனின் அம்மா.

“நான் இல்லே மாமி. மீன்தான் இதைத் திங்கும்.”

சுந்தரராமன் வாங்கிப் பார்த்தான். “நிஜம் மாதிரியே இருக்கே!”

எனக்குப் போன உயிர் வந்தது. அவனுடைய அப்பா கனைத்துக்கொண்டார். “பொண்ணைப் பிடிச்சிருக்கு. ஆனா கல்யாணத்துக்கப்புறம் இந்தப் பூச்சியெல்லாம் கூடாது.”

“கட்டாயம் விட்டுடுவா” என்றேன். அவர் கேட்டது என்னையல்ல.

4

முடிவுகள். ஜானு தலையசைக்கிறாள்; கெட்டிமேளம். அல்லது சுந்தரராமன் எழுந்து நின்று, ‘அவள் கட்டட்டும் அப்பா’ என்று… இதை எழுத எனக்கு மிகவும் ஆசை. ஆனால் பையன் அப்போது பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசகர் எந்த முடிவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஒன்றைத் தவிர. அடையாறுக்காரர்கள் எங்களை வேண்டாமென்று சொல்லிவிட்டதாக லஸ் முனையில் ஒரு பேச்சு உண்டு. தவறு. அவர்கள் சம்மதித்தார்கள். வேண்டாமென்றது ஜானு.