கறுப்பு ஜன்னல்

கேரி தீவின் செம்பனைத் தோட்டங்களில் எலிகளைப் பிடிக்க ஆந்தைகள் வந்து தங்கக் கூடு கட்டி வைப்பார்கள். இரவெல்லாம் பதிவான ஒலியில் ஆந்தையின் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் ஒரு மென்பொருளைக் குமுதா எழுதினாள். பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆய்வாளராக இருந்தவள் அதை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து விட்டாள். ஆனால் கணினியில் அதை ஏற்ற, ஒரு கறுப்பு ஜன்னலில் வரி வரியாகக் கட்டளை அடிக்க வேண்டும். பாதியிலேயே பலர் கைவிட்டார்கள்.

அவளுடன் படித்த அமுதவள்ளி, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்தாள். குமுதா கேட்டுக்கொண்டதால் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடக்கித் தந்தாள். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். வெளியிடுபவர் பெயர் இல்லாமல் அது நகராது என்பதால் தன் பெயரையே போட்டாள். மென்பொருளைத் திறக்கும்போது பின்னால் அந்தக் கறுப்பு ஜன்னல் எட்டிப் பார்த்தது. தோட்ட அலுவலகத்து நாகையா இது வைரஸா என்று கேட்டு அழைத்தார். அமுதவள்ளி அதை மறைத்துவிட்டாள். நன்றி சொல்லி அவளுக்கு மின்னஞ்சல்கள் வந்தன. அவற்றைக் குமுதாவுக்கு அனுப்பத் தோன்றவில்லை.

ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்று குமுதா சொன்னது பிரிக்ஃபீல்ட்ஸ் கடை ஒன்றில். இந்த மென்பொருளை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒப்பந்தத்தைப் பரிசீலித்த பல்கலைக்கழகக் குழு கேட்டதாம். நிறையப் பேர் என்றாளாம். ஆய்வுக் கட்டுரைகளில் தேடியிருக்கிறார்கள். அவள் பெயர் எங்குமே இல்லை.

"'ஒரு டெஸ்க்டாப் மென்பொருள்'னு எழுதியிருக்காங்க. அவ்வளவுதான்," என்றாள் குமுதா. தே தாரிக் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "பயன்படுத்துனா என் கட்டுரையைக் குறிப்பிடுங்கன்னு ஒரு லைன் வரும்ல, அது இப்போ எங்கடி வருது?"

அது கறுப்பு ஜன்னலில்தான் வரும்.

"மறைச்சிட்டேன்," என்றாள் அமுதவள்ளி.

குமுதா சிரித்தாள். "ரொம்ப கிளீனா பண்ணிட்ட லா." பிறகு, "நான்தானே ஈஸியா பண்ணச் சொன்னேன்," என்றாள். அந்தச் சமாதானம்தான் அமுதவள்ளியை அதிகம் வாட்டியது.

அந்த வரியை அவள் படிக்காமல் இல்லை. சோதித்துப் பார்த்த ஒவ்வொரு முறையும் படித்தாள். கணினி தனக்குத் தானே முணுமுணுக்கும் மற்ற வரிகளோடு அதையும் சேர்த்துவிட்டாள். அந்த இரைச்சலுக்குள் ஒரு தோழியின் குரல் இருந்தது. ஆந்தையைப் பிரித்தெடுக்கும் கருவியை ஒரே கோப்பில் கட்டித் தந்தவளுக்கு அது கேட்கவில்லை.

புதிய பதிப்பில் முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் குமுதாவின் பெயர் வந்தது. வெளியிடுபவரும் குமுதாதான். அதற்குள் அவள் கிள்ளானில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குமுதா அழைத்தாள். பல்கலைக்கழக மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். சொந்தமாக வாங்கியதில் இப்போதுதான் மென்பொருளை ஏற்றினாளாம்.

"பேரு வந்துச்சா?" என்று கேட்டாள் அமுதவள்ளி.

"வந்துச்சு. படிக்கிறதுக்குள்ள கை நெக்ஸ்ட்டை அமுக்கிடுச்சு லா."

இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். இனி அது எதற்கு என்று அமுதவள்ளி கேட்கவில்லை. குமுதாவே சொன்னாள்.

"தீவுல எடுத்த கடைசி ரெக்கார்டிங் மிச்சம் இருக்கு. கேட்டு முடிச்சிடலாம்னு பார்த்தேன்."

அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. மறுமுனையில் வெகுநேரம் அந்த ரெக்கார்டிங்கின் மழைச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.